இரண்டு மாதக் குழந்தை

பெந்தெகொஸ்தே பண்டிகை முடிந்த வாரத்தில் எபேசு நகரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கிறிஸ்தவ ஆயர் நின்றுகொண்டிருந்தார். ஆயர்களின் பெரிய சபையைக் கூட்டச் சக்கரவர்த்தி ஓலை அனுப்பிக் கூப்பிட்டிருந்தார். எகிப்துக்காரர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள், மலைநாட்டுக்காரர்கள் கோவேறு கழுதைகளில் வந்தார்கள். சிரியாக்காரர்கள் மட்டும் இன்னும் வழியில் இருந்தார்கள். அவர்கள் வராமல் சபை கூடக் கூடாது என்று ஒரு பேச்சு, யாருக்காகவும் காத்திருக்க முடியாது என்று இன்னொரு பேச்சு. அதுவரைக்கும் இத்தனை பேரையும் எங்கே வைப்பது? ஊர்க்காரர்கள் வீட்டுக்கு ஒருவராகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். விளக்கு வியாபாரி கிளிக்கோனின் பங்குக்கு வந்தவர் கோனோன் என்ற ஆயர். லிக்கவோனியா மேட்டு நாட்டில், பெயரைச் சொன்னால் பக்கத்து ஊர்க்காரனுக்கே தெரியாத ஒரு குட்டி ஊர் அவருடையது. அறுபது வயது, ஒல்லியான உடம்பு. வந்த மூன்றாம் நாளே எபேசுத் தண்ணீர் அவர் வயிற்றைக் கலக்கிவிட்டதால், மற்ற ஆயர்கள் தெருத்தெருவாக வாதம் செய்துகொண்டிருக்க, இவர் மாடியில் படுத்துக் கிடந்தார்.

அதே வீட்டின் கீழே, விளக்குகள் அடுக்கிய அறைக்குப் பின்னால், மெல்தினே உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் அந்த வீட்டின் பால்தாய். மடியில் கிடந்த அந்திப்பா கிளிக்கோனின் மகன், பிறந்து இரண்டு மாதம். அவள் வயிற்றில் பிறந்த மகள் நனா அவனுக்கு மூன்று வாரம் மூத்தவள். நனா கைஸ்தர் ஆற்றின் மேல்பக்கம், தெய்ரா என்ற ஊரில் நாத்தனார் தத்தியாவிடம் இருந்தாள். பளிங்குக்கல் ஏற்றும்போது வண்டி சாய்ந்து புருஷன் செத்துப்போனபோது நனா வயிற்றில் இருந்தாள். பிரசவமாகி இருபதாம் நாளே மெல்தினே எபேசுக்கு வந்து ஒப்பந்தத்தில் சிலுவைக்குறி போட்டுவிட்டாள். இரண்டு வருஷம். பூண்டும் ஊறுமீனும் தொடக் கூடாது, ஆண்வாடையே ஆகாது, வேறு எந்தக் குழந்தைக்கும் பால் கொடுக்கக் கூடாது. மூன்று சாட்சிகளுக்கு முன்னால் இதை வாசித்துக் காட்டினார்கள். ‘வேறு எந்தக் குழந்தைக்கும்’ என்ற இடம் வந்தபோது அவள் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆயர் வந்த அன்றைக்கே தெய்ராவிலிருந்து ஒரு வண்டிக்காரன் செய்தி கொண்டுவந்தான். நனாவுக்கு ஆட்டுப்பால் தங்கவில்லையாம். குடித்ததைக் கக்கிவிடுகிறாளாம், வாற்கோதுமைக் கஞ்சித் தண்ணீரில்தான் ஓடுகிறதாம். ஒப்பந்தத்தை மீறினால் வேலை போகும், வேலை போனால் அவளுக்கும் சோறில்லை, பாலும் ஊறாது. மெல்தினே இந்தக் கணக்கை நாள் முழுக்கப் போட்டுப் பார்த்தாள். எப்படிப் போட்டாலும் பிள்ளை அங்கேயும் பால் இங்கேயுமாகத்தான் நின்றது.

நாலாம் நாள் மத்தியானம் அந்திப்பா வீறிட்டு அழுதுகொண்டிருந்தபோது ஆயர் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். பசிதான் என்றாள் மெல்தினே. அவர் போகவில்லை. குழந்தையையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ரெண்டு மாசம் ஆச்சுன்னு வீட்டுக்காரர் சொன்னாரே. இன்னும் உக்காரலையா?”

அவர் கேலி செய்கிறார் என்று நினைத்து அவள் சிரித்துவிட்டாள். ஆனால் அந்த முகத்தில் கேலி இல்லை. விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆறு வயதில் அவரை மடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் கைக்குழந்தையைக் கிட்டத்தில் பார்த்ததெல்லாம் ஞானஸ்நானத்தின்போது மட்டும்தான், அதுவும் துணிப்பொட்டலமாக. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஆட்டுக்குட்டி.

“ஆட்டுக்குட்டி விழுந்த கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு நிக்கும். தானே மடியைத் தேடிப் போகும்,” என்றார்.

“இவன் தலையே இன்னும் நிக்கல சாமி. கையை எடுத்தா பின்னால சாஞ்சிரும்,” என்று அவள் காட்டினாள். ஆயர் பதறிப்போய் இரண்டு கையையும் நீட்டினார். பிறகு விளக்குகள் அடுக்கிய பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கினார், கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. இருபது வருஷமாகக் கிறிஸ்து பிறந்த திருவிழாதோறும் அவர் ஒரு பிரசங்கம் செய்துவருகிறார். அதில் தாய் மடியிலிருக்கும் குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்து, வந்த ஞானிகளைக் கையைத் தூக்கி ஆசீர்வதிக்கும், பொன்னையும் தூபத்தையும் பார்த்துத் தலையசைக்கும். கோயில் சுவரில் அப்படித்தானே வரைந்து வைத்திருக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்திகூட, பிள்ளை பெற்றவள் அத்தனை பேர் இருந்தும், ஐயா அப்படி நடக்காது என்று சொல்லவில்லை.

ஊரெல்லாம் எதற்காக அடித்துக்கொள்கிறார்கள் என்று மெல்தினேக்கு அதுவரை சரியாகத் தெரியாது. ஆயர்தான் சொன்னார். இரண்டு மாதக் குழந்தையையும் மூன்று மாதக் குழந்தையையும் கடவுள் என்று அழைக்க மாட்டேன் என்று தலைநகரத்து ஆயர் சொன்னதாகச் செய்தி. மரியாளைக் கிறிஸ்துவின் தாய் என்றால் போதும், கடவுளின் தாய் என்று சொல்லக் கூடாது என்பது அந்தக் கட்சி. எபேசுக்காரர்களுக்கு இது பொறுக்குமா? ஊரின் பெரிய கோயிலே மரியாளின் பெயரில் இருக்கிறது. கிளிக்கோன் ஒரே வாரத்தில் ‘கடவுளின் தாய்’ என்று எழுத்து வெட்டிய புது அச்சு செய்து விளக்கு வார்த்து விற்றுக்கொண்டிருந்தான். அச்சு ஆறும் முன்னே விளக்கு போய்க்கொண்டிருந்தது.

“நீங்க எந்தக் கட்சி சாமி?” என்று அவள் கேட்டாள்.

“ரெண்டு மாசக் குழந்தைன்னா என்னன்னே தெரியாம இத்தனை நாள் ஒரு கட்சியில இருந்தேன்,” என்றார் அவர்.

அதன் பிறகு ஆயர் தினமும் பால் கொடுக்கும் நேரத்துக்கு வந்துவிடுவார். மெல்தினே துணியைப் போர்த்திக்கொள்வாள். அவர் மரியாதைக்காக முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, விளக்கு அச்சுகளிடம் கேட்பதுபோலக் கேட்பார். வீட்டு வேலைக்காரர்கள் வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவரோ அதைக் கவனிக்கிற ஆளாக இல்லை. பசி என்று அதற்குத் தெரியுமா, சும்மா அழுகிறதா? கொடுக்கிறவள் யாரென்று தெரியுமா? கனவு காணுமா? மெல்தினேயிடம் இதுவரை யாரும் எதையும் இப்படிக் கேட்டதில்லை. தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே ஆர்வம் பிடித்துக்கொண்டது. மறுநாள் சொல்வதற்காக இன்றைக்குக் குழந்தையைக் கவனித்து வைத்தாள்.

ஒருநாள் அந்திப்பா தன் கையாலேயே தன் மூக்கில் அடித்துக்கொண்டு அழுதான்.

“யாரு அடிச்சான்னு பாக்குறான் சாமி. அது தன் கைன்னு இன்னும் தெரியாது. கண்ணு முன்னால எதோ போகுது வருதுன்னுதான் பாத்துக்கிட்டு இருப்பான்.”

ஆயர் மரியாதையை மறந்து இந்தப் பக்கம் திரும்பிவிட்டார். “தன் கையே தெரியாதா?”

“இந்த வயசுல யாருக்குமே தெரியாது.”

யாருக்குமே என்று அவள் சொன்னதில் மரியாளின் குழந்தையும் அடக்கம். நட்சத்திரங்களைச் செய்தவருக்குத் தன் கை தெரியவில்லை. ஆயர் என்ன யோசிக்கிறார் என்பது அவளுக்கும் புரிந்தது. அவளுக்கு அது அதிர்ச்சியாக இல்லை, அதிசயமாக இருந்தது. அப்போதுதான் அவளும் கேட்டாள். மரியாள் ஏழைதானே, பால்தாய் வைத்திருக்க மாட்டாளே, ஒருநாள் அவளுக்குப் பால் ஊறாமல் போயிருந்தால் அந்தப் பிள்ளை செத்துப்போயிருக்குமா?

ஆயர் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். மறுநாள் வந்து, உட்காரும் முன்பே, “ஆமா,” என்றார்.

இதற்கிடையில் தெருவில் எந்தக் குழந்தை அழுதாலும் மெல்தினேயின் சட்டை பால் கசிந்து நனைந்துவிடும். அந்திப்பா தூங்கிக்கொண்டிருக்கும்போது அப்படி நனைந்ததை ஆயர் பார்த்துவிட்டு, அதற்கும் காரணம் கேட்டார். அவள் நனாவைப் பற்றிச் சொன்னாள். சொல்ல ஆரம்பித்தபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, ஆட்டுப்பால் என்ற இடத்தில் உடைந்துபோனது. பிள்ளையை இங்கேயே கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாமே என்றார் ஆயர். ஒப்பந்தத்தைச் சொன்னாள். ஒருத்தியின் பால் இரண்டு பேருக்குப் போதாதோ என்று அவர் கேட்டார்.

“குடத்துல இருக்கிற தண்ணின்னா பாதிப் பாதிதான் சாமி. பால் அப்படி இல்ல. குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். ரெட்டைப் பிள்ளை பெத்தவளைப் பாருங்க. ஆளுக்குப் பாதியா கொடுக்கிறா? இவனுக்கும் முழுசு, அவனுக்கும் முழுசு.”

அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார் ஆயர். அவள் சொன்னாள். தெருவில் வாதம் செய்கிறவர்கள் எல்லோருமே, இந்தக் கட்சியும் அந்தக் கட்சியும், குடத்தை வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள் என்றார் அவர். கடவுளை இத்தனை ஊற்றினால் மனிதனுக்கு எத்தனை இடம் மிஞ்சும், மனிதனை முழுசாக விட்டால் கடவுள் எங்கே உட்காருவார் என்று. அவரும் அப்படித்தான் அளந்துகொண்டிருந்தாராம். மெல்தினேக்கு அவர் சந்தோஷத்தைப் பார்க்கக் கோபம் வந்தது. தன் பிள்ளையைப் பற்றிச் சொன்னதை எடுத்துக்கொண்டுபோய் இவர் தன் சண்டையைத் தீர்த்துக்கொள்கிறாரே என்று மனசு கசந்தது. அவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். வீட்டம்மாவிடம் தானே பேசுவதாகச் சொன்னார்.

அவர் பேசுவதற்குள் தெய்ராவிலிருந்து வண்டிக்காரன் மறுபடியும் வந்துவிட்டான். இப்போது பரவாயில்லை, பிள்ளை அழுவதே இல்லை என்று தத்தியா சொல்லி அனுப்பியிருந்தாள். தத்தியாவுக்குப் பிள்ளைகள் இல்லை, அவளுக்குத் தெரியாது. அழுகிற பிள்ளைக்குத் தெம்பு இருக்கிறது, அழாமல் கிடக்கிற பிள்ளைக்குத்தான் ஆபத்து என்று மெல்தினேக்குத் தெரியும். அந்திப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே வீட்டம்மா திரிபேனாவிடம் போய் நின்றாள். பின்னாலேயே ஆயரும் வந்தார்.

திரிபேனா கெட்டவள் இல்லை. சொன்னதை முழுக்கக் கேட்டாள். ஆயர் பால் ஊறும் விதத்தை, தான் கண்டுபிடித்ததுபோல விளக்கினார். அதையும் கேட்டாள். பிறகு பேசினாள்.

“இதெல்லாம் எனக்கும் தெரியும் சாமி. என் மூத்தவன் பதினோரு வாரம்தான் உயிரோட இருந்தான். அவனுக்கு வந்த பால்தாய் சுவிசேஷப் புத்தகத்து மேலயே கையை வச்சு சத்தியம் பண்ணினா. தன் பிள்ளையைக் குயவன் கொட்டகையில ஒளிச்சு வச்சு, என் பிள்ளைக்கு முன்னாடி அதுக்குக் கொடுத்துட்டு வருவா. இவனுக்குத் தண்ணி கலந்த தேனைத் தொட்டு வச்சுத் தூங்கப் போட்டுருவா. அவன் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிஞ்சுது. அவ பிள்ளை இன்னிக்கும் இந்தத் தெருவுல ஓடுது. நான் தினமும் பாக்குறேன்.”

திரிபேனா மெல்தினேயைப் பார்த்தாள். “ஒண்ணு செய். அப்போஸ்தலர் யோவான் கல்லறைக்கு வா. அந்திப்பாவுக்குத்தான் முதல்ல கொடுப்பேன், அவன் வயிறு நிறைஞ்சு மிச்சம் இருந்தாத்தான் என் பிள்ளைக்குன்னு அது மேல சத்தியம் பண்ணு. இப்பவே கழுதையை அனுப்புறேன்.”

எவ்வளவு சின்ன விஷயம். சரி அம்மா என்று இரண்டு வார்த்தை. மெல்தினே வாயைத் திறந்தாள். யோவானின் கல்லறையில் பொய்ச் சத்தியம் செய்தவர்களின் கை மரத்துப்போகும் என்று எபேசில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அவள் பயந்தது அதற்கு இல்லை. குயவன் கொட்டகையில் உட்கார்ந்திருந்த அந்த இன்னொருத்தி அவள் கண்ணுக்குத் தெரிந்தாள். சத்தியம் செய்தபோது அவளும் அதை நம்பித்தான் செய்திருப்பாள்.

“என்னால முடியாதும்மா. ரெண்டும் சேந்து அழுதா என் கை எதைத் தூக்கும்னு எனக்கே தெரியல. என் பிள்ளை சத்தம் கேட்டா பால் தானா இறங்கும், நில்லுன்னா நிக்காது. ஒண்ணு மட்டும் சொல்றேன். ஒளிச்சுக் கொடுக்க மாட்டேன். கொடுக்கிறது எல்லாம் உங்க கண்ணு முன்னாலதான்.”

திரிபேனா அந்திப்பாவை அவள் தோளிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கு முழுக்க மெல்தினே தன் நாக்கையே சபித்துக்கொண்டாள். இரண்டு வார்த்தையைச் சொல்லியிருந்தால் இந்நேரம் கழுதை பாதி வழி போயிருக்கும். உண்மை பேசி யாருக்கு என்ன ஆயிற்று? பெரிய கோயிலில் வாதம் செய்கிறவர்கள் பேசிக்கொள்ளட்டுமே, தனக்கு எதற்கு அது? ஆயர் வந்து ஆறுதல் சொல்லப் பார்த்தார். போங்க சாமி என்று முகத்தில் அடித்ததுபோலச் சொல்லிவிட்டாள். அவர் போனார்.

மறுநாள் காலையில் கிளிக்கோன் முற்றத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தான். துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் நாளாகப் பார்த்துக் கழுதையையும் ஆளையும் எங்கே அனுப்பினாய் என்று மனைவியைக் கேட்டுக்கொண்டிருந்தான். தெய்ராவுக்கு என்றாள் திரிபேனா. ஒப்பந்தம் என்ன ஆவது, மூன்று சாட்சி வைத்து எழுதியது என்று அவன் மறுபடியும் ஆரம்பித்தான்.

“சத்தியம் பண்ணினவளை ஒரு தடவை வச்சுப் பாத்துட்டோம். பண்ண மாட்டேன்னவளை ஒரு தடவை வச்சுப் பாப்போம்,” என்றாள் அவள். பால் கொடுக்கும் அறையின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. மெல்தினே கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதாள்.

போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள். மூன்றாம் நாள் திங்கட்கிழமை. சிரியாக்காரர்கள் இன்னும் வரவில்லை, ஆனாலும் அன்றைக்கே சபை கூடும் என்று முடிவாகிவிட்டது. ஆயர் கோனோன் சலவை செய்த அங்கியை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். வயிறு இன்னும் சரியாகவில்லை, முகம் வெளுத்திருந்தது. வாசலுக்குப் போகாமல் பால் கொடுக்கும் அறைக்கு வந்தார். இந்தத் தடவை சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“ரெண்டு மாசக் குழந்தையைக் கடவுள்னு சொல்வியான்னு கேப்பாங்க. சொல்லுவேன். ஆனா இத்தனை நாள் அதைச் சத்தமா சொன்னேன், சொல்றது சுலபமா இருந்துச்சு. இப்ப சொல்ல பயமா இருக்கும்மா. இவ்வளவு கீழ வந்திருப்பார்னு நான் நினைக்கல.”

அந்திப்பாவின் தலைக்குக் கீழே, அவள் காட்டிக் கொடுத்த மாதிரி, உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு போய்விட்டார். தெருவில் கூட்டம் ‘கடவுளின் தாய்’ என்று கோஷமிட்டுக்கொண்டே அவரைச் சுமந்துகொண்டு போனதுபோல இருந்தது. அங்கே அவர் என்ன சொன்னார், எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார் என்று மெல்தினேக்குக் கடைசிவரை தெரியாது. அந்த நேரத்தில் அவள் காது முழுக்கத் தெருமுனையில்தான் இருந்தது.

வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு கழுதை வந்து நின்றது. அந்திப்பா அப்போதுதான் குடிக்கத் தொடங்கியிருந்தான். மெல்தினே அவனோடு எழுந்திருக்கப் பார்த்தாள். தத்தியா புழுதியும் வியர்வையுமாக உள்ளே வந்து, நெஞ்சோடு கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். நனா விழித்துத்தான் இருந்தாள். அழவில்லை. கண் மட்டும் பெரிதாக இருந்தது.

மெல்தினே எழுவதற்குள் திரிபேனா முந்திக்கொண்டு பிள்ளையை வாங்கினாள். கனமாக இருக்கும் என்று நினைத்து வாங்கிய கை, கனமே இல்லாமல் மேலே எழும்பியது. அவள் தன் மகனைத் தினமும் தூக்குகிறவள். மூன்று வாரம் மூத்த பிள்ளை எவ்வளவு இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கையிலிருந்த பிள்ளையை ஒரு தரம் பார்த்தாள், மடியிலிருந்த தன் பிள்ளையை ஒரு தரம் பார்த்தாள். நேரே வந்து மெல்தினேக்கு முன்னால் மண்டியிட்டாள். அந்திப்பாவின் வாய்க்கோணத்தில் சுண்டுவிரலை விட்டு, அவன் பிடியை மெல்ல விடுவித்து, அவனை எடுத்துக்கொண்டாள்.

“இவ குடிக்கட்டும்,” என்றாள்.

அந்திப்பா ஒரு கணம் ஒன்றும் புரியாமல் இருந்துவிட்டு, உலகமே தன்னை ஏமாற்றிவிட்டதுபோலக் கத்தத் தொடங்கினான். மெல்தினே மகளை அணைத்து வைத்தாள். நனா வாய் திறக்கவில்லை. மெல்தினே ஒரு சொட்டைப் பிழிந்து உதட்டில் விட்டாள், அது வழிந்து கழுத்துக்குப் போனது. இன்னொரு சொட்டு. அதுவும் வழிந்தது. மூன்றாவது சொட்டுக்கு நாக்கு நுனி வெளியே வந்து தடவிப் பார்த்தது. கொஞ்சம் பொறுத்து, அவசரமே இல்லாமல், பிள்ளை வாயைத் திறந்து பற்றிக்கொண்டாள்.

திரிபேனா விளக்குப் பெட்டிகளுக்கு நடுவே மகனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு மேலும் கீழும் நடந்தாள். அவன் கத்துவது தெருக்கோடி வரைக்கும் கேட்டது. கிளிக்கோன் என்னவோ ஏதோ என்று கடையிலிருந்து ஓடிவந்து எட்டிப் பார்த்தான். அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. “இருடா கண்ணு, கொஞ்சம் இரு. அவ குடிச்சு முடிக்கட்டும், அவ குடிச்சு முடிக்கட்டும்,” என்று சொல்லிக்கொண்டே, அழுகிற பிள்ளையோடு நடந்துகொண்டே இருந்தாள்.